வன்தட்டு: அழிக்கும் முன் பத்து நிமிடம்

(பிளவக்கல் வட்டாரத் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான கணினிப் பராமரிப்புப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை காலையில் வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் பக்கமிருந்தெல்லாம் பேருந்து பிடித்து வந்திருக்கிறீர்கள். மேற்கே பார்த்தால் மலை, பெரியாறு அணை, கோவிலாறு அணை. இவ்வளவு அழகான இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஹார்ட் டிஸ்க் பற்றிப் பேசுவதா என்று நினைப்பீர்கள். ஆனால் நேற்று மாலை நான் உங்களிடம் கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ‘சார், கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, விண்டோஸ் வர மாட்டேங்குது. ஃபார்மேட் போட்டா சரியாகிடுமா?’

ஃபார்மேட் போட்டால் சரியாகலாம். ஆனால் எது போகும் என்று தெரியாமல் போடக் கூடாது. இதை எனக்கு எந்தப் பயிற்சியும் கற்றுத் தரவில்லை. நானே செய்த ஒரு தவறுதான் கற்றுத் தந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியை இருந்தார். ஒன்றாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு குழந்தையையும் ஜூன் மாதத்தில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை வாசிக்கச் சொல்லி, செல்போனில் பதிவு செய்வார். குழந்தையின் பெயரையும் ஆண்டையும் கோப்புக்குப் பெயராக வைத்து அலுவலகக் கணினியின் டி டிரைவில் சேமித்து வைப்பார். பெற்றோர் கூட்டத்தில் அந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து ஓட விடுவார். ‘அ... ம்... மா’ என்று திக்கிய பிள்ளை பத்து மாதத்தில் ஒரு பத்தியைக் கடகடவென்று படிப்பதைக் கேட்கும்போது, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒன்பது ஆண்டுப் பதிவுகள் அதில் இருந்தன.

ஒரு நாள் அந்தக் கணினி பழுதானது. ‘நான் பார்த்துக்கிறேன் டீச்சர், சி டிரைவ்ல மட்டும் விண்டோஸ் போடுவேன், டி டிரைவுக்கு ஒண்ணும் ஆகாது’ என்று சொன்னேன். பென்டிரைவைச் செருகினேன். எந்த இடத்தில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரை வந்தது. அதில் சி, டி என்ற எழுத்துகள் இல்லை. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று மட்டும் இருந்தது. முன்பு யாரோ அந்த வன்தட்டைச் சரிபாதியாகப் பிரித்திருந்தார்கள். இரண்டும் ஏறத்தாழ 232 ஜிபி. எது சி, எது டி? ஒரு நொடி யோசித்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் கொடுத்தேன். தவறானதைக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் வன்தட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

நிலமும் பதிவேடும்

வன்தட்டின் வயது எழுபதை ஒட்டி வந்துவிட்டது. 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. பெரிய பீரோ அளவுக்கு இருந்த அதில் அடங்கியது ஐம்பது லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் சாதாரணப் பென்டிரைவ் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது. ஆனால் பதிவுகளை ஒழுங்கு செய்யும் முறையின் அடிப்படை ஒன்றுதான்.

நம் ஊர் வயல்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வன்தட்டு என்பது நிலம். அதில் வரப்புக் கட்டிப் பிரிப்பதுதான் பார்ட்டிஷன். எந்த வரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லும் நில அளவைப் படம்தான் பார்ட்டிஷன் டேபிள். ஒவ்வொரு வயலிலும் என்ன பயிர், எந்த மூலையில் என்று எழுதி வைத்திருக்கும் பதிவேடுதான் கோப்பு முறைமை, அதாவது ஃபைல் சிஸ்டம்.

விண்டோஸ் நிறுவும்போது நாம் கொடுக்கும் ஃபார்மேட், பெரும்பாலும் விரைவு ஃபார்மேட். அது பயிரைப் பிடுங்குவதில்லை. பதிவேட்டைக் கிழித்துவிட்டுப் புதிய வெற்றுப் பதிவேட்டை வைக்கிறது, அவ்வளவுதான். பயிர் வயலில் அப்படியே நிற்கும். ஆனால் அதன் மேல் புதிய விண்டோஸை நிறுவினால், உழுது புதிய நாற்று நட்ட மாதிரி. உழுத இடத்தில் இருந்த பழைய பயிர் திரும்பி வராது.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் இன்று நான் சொல்லப்போகும் எல்லாமே எளிது. நிலம் கெட்டிருக்கிறதா, படம் கெட்டிருக்கிறதா, பதிவேடு கெட்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் பழுது பார்த்தல். மூன்றுக்கும் ஒரே மருந்தாக ஃபார்மேட்டைக் கொடுப்பது, காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே ஊசி போடுவது போன்றது.

முதல் கேள்வி: மறுநிறுவல் தேவையா?

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறக்கிறோம். ஏப்ரலில் நன்றாக ஓடிய கணினி இப்போது நீலத் திரையில் நிற்கிறது, அல்லது இயங்குதளம் இல்லை என்கிறது. உடனே ‘ஹார்ட் டிஸ்க் போச்சு’ என்கிறோம். அதற்கு முன் கணினியின் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறதா? அப்படியானால் குற்றவாளி வன்தட்டு அல்ல, மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி. அதன் எண் சிஆர் 2032. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

விடுமுறையில் நாம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறோம். அத்தனை நாளும் அந்தச் சின்ன பேட்டரிதான் பயாஸ் அமைப்புகளைக் காப்பாற்ற வேண்டும். அது தீர்ந்தால் தேதி மட்டுமல்ல, வன்தட்டை எந்த முறையில் படிக்க வேண்டும் என்ற அமைப்பும் தொடக்க நிலைக்குப் போய்விடும். ஏஹெச்சிஐ என்று இருந்தது ஐடிஇ என்று மாறியிருக்கும். அல்லது யுஇஎஃப்ஐ முறை பழைய லெகசி முறைக்கு மாறியிருக்கும். விண்டோஸ் தன் வீட்டு வாசலைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கும். பேட்டரியை மாற்றி, அந்த அமைப்பைப் பழையபடி வைத்தால் பெரும்பாலும் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

இதே பேட்டரி தீர்ந்த இன்னொரு அறிகுறியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். விண்டோஸ் வரும், ஆனால் எமிஸ் தளம் ‘பாதுகாப்பற்றது’ என்று சொல்லித் திறக்க மறுக்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி 2010இல் வாழ்ந்துகொண்டிருந்தால் இன்றைய சான்றிதழ் அதற்குச் செல்லாதது. தேதியைச் சரிசெய்தால் போதும்.

இரண்டாவது, கேபிள். மேசைக் கணினியாக இருந்தால் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திறந்து, உடலில் உள்ள நிலைமின்சாரம் போக உலோகச் சட்டத்தை ஒரு முறை தொட்டுக்கொண்டு, வன்தட்டுக்குப் போகும் சாட்டா கேபிளையும் மின்கேபிளையும் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். முடிந்தால் வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள். தூசி, எலி இரண்டும் நம் பள்ளிக் கணினிகளுக்குப் பழைய நண்பர்கள்.

மூன்றாவது ஒரு கதை, இது தமிழ்நாட்டுக்கே உரியது. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கி வழங்கிய அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். ‘இந்த லினக்ஸ் எதுக்கு, இடத்தை அடைக்குது’ என்று மாணவர்கள் விண்டோஸுக்குள் இருந்தபடியே அந்தப் பார்ட்டிஷனை அழித்தார்கள். மறுமுறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் நிற்கும்.

என்னிடம் வந்த பிள்ளைகள் ‘ஹார்ட் டிஸ்க் எரிஞ்சு போச்சு சார்’ என்றுதான் சொன்னார்கள். உண்மையில் நடந்தது என்ன? அந்தத் தேர்வுப் பட்டியலைக் காட்டும் கிரப் நிரலின் பெரும்பகுதி லினக்ஸ் பார்ட்டிஷனில்தான் இருந்தது. வாசற்கதவை மட்டும் விட்டுவிட்டு வீட்டை இடித்துவிட்டார்கள். விண்டோஸும் அவர்களின் படங்களும் பக்கத்து வயலில் பத்திரமாக இருந்தன. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து தொடங்கி, பழுது நீக்கும் பகுதிக்குப் போய், ‘பூட்ரெக்’ என்ற கட்டளையால் பூட் பகுதியைத் திருத்தினால் ஐந்து நிமிட வேலை. இது தெரியாமல் காசு கொடுத்து முழுவதையும் அழித்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு.

இரண்டாவது கேள்வி: வன்தட்டு என்ன சொல்கிறது?

காதைக் கொடுத்துக் கேளுங்கள். சுழலும் வன்தட்டு சீரான ஓசைதான் தரும். ‘டிக்... டிக்...’ என்று ஒரே தாளத்தில் தட்டினால், படிக்கும் முனை தன் இடத்தைத் தேடித் தேடித் திரும்புகிறது என்று பொருள். உடனே நிறுத்துங்கள். அந்த முனை தட்டைத் தொடாமல், தூசியைவிட மிக மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. தட்டோ நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதை ஓட விடும் ஒவ்வொரு நிமிடமும் கீறல் கூடலாம். அதில் முக்கியமான தரவு இருந்தால் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். மூடியைத் திறந்து பார்ப்பது, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது போன்ற காணொலி வைத்தியங்கள் வேண்டாம்.

ஓசை இல்லை, ஆனால் மெதுவாக இருக்கிறதா? வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். அதற்கு ஸ்மார்ட் அறிக்கை என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற செயலி இதைக் காட்டும். எல்லா எண்களையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். மூன்றைப் பாருங்கள். எண் 5: கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள். எண் 197: படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். எண் 198: திருத்தவே முடியாத பகுதிகள். இவை சுழியமாக இல்லாமல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனால் அந்தத் தட்டில் விண்டோஸை மறுபடி நிறுவுவது வீண்வேலை. நகலெடுத்துவிட்டுத் தட்டை மாற்றுங்கள். எண் 199 மட்டும் கூடியிருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது கேள்வி: நகல் எங்கே?

விண்டோஸ் வரவில்லை என்றால் கோப்புகளை எப்படி எடுப்பது என்று கேட்கலாம். உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதிலிருந்து தொடங்கும்போது ‘நிறுவாமல் முயன்று பார்’ என்ற வாய்ப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் வன்தட்டில் எதையும் எழுதாமல் கணினி ஓடும். உங்கள் சி, டி இரண்டும் அதில் தெரியும். வெளிவன்தட்டு ஒன்றைச் செருகி, வேண்டியதை நகலெடுங்கள்.

இதில் இரண்டு தடைகள் வரலாம். ஒன்று, விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருந்தால் லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டுமே விடும், அல்லது திறக்காது. நகலெடுக்கப் படிக்க முடிந்தால் போதும். விண்டோஸ் ஓடும் நிலையில் இருந்தால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், முழுதாக அணையும். இரண்டு, பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்துத் தொடங்கிய புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அது பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக இருக்கும் இன்றைக்கே அதை எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் பூட்டைத் திறக்க வழியில்லை.

சி டிரைவை மட்டும் அழிக்கிறோம் என்றாலும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். நம்மில் பலருக்கு மதிப்பெண் பட்டியலும் வினாத்தாளும் டெஸ்க்டாப்பில்தான் குடியிருக்கின்றன.

நான்காவது வேலை: படம் வரையுங்கள்

இதுதான் நான் செய்யத் தவறிய வேலை. பென்டிரைவைச் செருகும் முன், டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளில் பார்ட்டிஷன்களை வரிசையாக வரையுங்கள். எதன் எழுத்து என்ன, எத்தனை ஜிபி, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எழுதுங்கள். விண்டோஸ் வரவில்லை என்றால் லினக்ஸிலிருந்து பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் சிஸ்டம், பாடங்கள் என்பதுபோல் பெயரும் வைத்துவிடுங்கள். நிறுவும் திரையில் சி, டி தெரியாது. பெயரும் அளவும் தெரியும்.

500 ஜிபி வாங்கிய தட்டு 465 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024இன் மடங்கில் எண்ணுகிறது. 500 கோடி நூறு முறை என்ற எண்ணை 1,024ஆல் மூன்று முறை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக்கு அடுக்குகள் பாடத்தில் நல்ல கணக்கு.

100 எம்பி, 500 எம்பி என்று சிறு பார்ட்டிஷன்களும் இருக்கும். அவை தொடக்கத்துக்கும் மீட்புக்கும் விண்டோஸ் வைத்துக்கொண்டவை. இடம் சேர்க்க வேண்டும் என்று அவற்றை அழிக்காதீர்கள்.

நிறுவும்போது வரும் சிக்கல்கள்

இப்போது நிறுவத் தொடங்குகிறோம். அடிக்கடி வரும் நான்கு சிக்கல்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ‘டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை’ என்று திரை சொல்லும். பட்டியல் காலியாக இருக்கும். வெளியேறி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் வன்தட்டு இல்லை என்றால் கேபிள், மின்சாரம், அல்லது தட்டே பழுது. பயாஸில் தெரிகிறது, நிறுவும் திரையில் மட்டும் தெரியவில்லை என்றால் தட்டு நன்றாக இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பின் வந்த மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பால் இது வரும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, பென்டிரைவில் வைத்து, ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் தட்டு தெரியும். பயாஸில் விஎம்டியை அணைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வெற்றுத் தட்டுக்கு அது சரி. விண்டோஸ் ஏற்கெனவே இருக்கும் தட்டில் அப்படிச் செய்தால் பழையது தொடங்காமல் போகலாம்.

இரண்டு, ‘இந்த வட்டில் எம்பிஆர் அட்டவணை உள்ளது, ஜிபிடி வட்டில்தான் நிறுவ முடியும்’ என்று வரும். இது தட்டின் நோய் அல்ல. நில அளவைப் படம் பழைய முறையில் இருக்கிறது, கணினி புதிய முறையைக் கேட்கிறது, அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் காணொலிகள் ‘டிஸ்க்பார்ட் போய் கிளீன் கொடுங்கள்’ என்று சொல்லும். கவனியுங்கள். கிளீன் என்பது சி டிரைவுக்கு மட்டும் அல்ல. அந்த வன்தட்டின் முழுப் படத்தையும் கிழிக்கும். டி டிரைவும் போகும். செருகியிருக்கும் வெளிவன்தட்டைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் நகலும் போகும். அதனால் நகலெடுத்தவுடன் வெளிவன்தட்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள். எதையும் அழிக்காமல் மாற்ற ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி விண்டோஸ் 10இன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே கூடவே வருகிறது. அதற்கு முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய கணினி என்றால், பென்டிரைவை லெகசி முறையில் தொடங்கினாலே பிரச்சினை தீரும்.

மூன்று, பாதியில் நின்றுவிடும். ஏதோ ஒரு விழுக்காட்டில் நின்று பிழை காட்டும். உடனே வன்தட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். பென்டிரைவ் பழுதாக இருக்கலாம், இறக்கிய கோப்பு முழுமையில்லாமல் இருக்கலாம், ரேம் கெட்டிருக்கலாம். வேறு பென்டிரைவில், மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து மறுபடி இறக்கி முயலுங்கள். ஸ்மார்ட் அறிக்கை சுத்தமாக இருந்தால் தட்டு பெரும்பாலும் நிரபராதி.

நான்கு, நிறுவி முடித்த பின் மறுபடி மறுபடி முதல் திரைக்கே திரும்பும். பென்டிரைவைக் கழற்றுங்கள். சிரிக்காதீர்கள், நானும் அரை மணி நேரம் இதில் போராடியிருக்கிறேன்.

தவறு நடந்துவிட்டால்

இவ்வளவுக்குப் பிறகும் கை தவறலாம். தவறான பார்ட்டிஷனை அழித்துவிட்டோம் என்று தெரிந்த நொடியில் நிறுத்துங்கள். ரத்து கொடுத்து, கணினியை அணைத்து விடுங்கள். பதிவேடுதான் போயிருக்கிறது, பயிர் நிற்கிறது. தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்து, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் தேடினால், பார்ட்டிஷன் முழுதாகவே திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. அது முடியாவிட்டால் அதன் கூடவே வரும் ஃபோட்டோரெக் இருக்கிறது. அது பதிவேட்டைப் பார்க்காமல் வயலில் இறங்கி ஒவ்வொரு பயிராகப் பொறுக்கும். படம், ஒலி, ஆவணம் கிடைக்கும். ஆனால் கோப்பின் பெயர் கிடைக்காது. பெயர்கள் பதிவேட்டில் அல்லவா இருந்தன! மீட்டவற்றை எப்போதும் வேறு தட்டில்தான் சேமிக்க வேண்டும்.

இதெல்லாம் சுழலும் தட்டுக்கு. எஸ்எஸ்டியில் கதை வேறு. அழிக்கப்பட்ட இடம் எது என்பதை விண்டோஸ் அதனிடம் சொல்லிவிடும். அது தானாகவே அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிடும். பதிவேட்டைக் கிழித்ததும் வயல் தன்னைத் தானே உழுதுகொள்வது போல. அங்கே ஃபார்மேட்டுக்குப் பின் மீட்பது பெரும்பாலும் இயலாது. வேகமான எஸ்எஸ்டிக்கு மாறியவர்கள் நகலில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

இதே உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. கழிவு என்று ஒதுக்கும் பழைய கணினியை ஃபார்மேட் செய்து அனுப்பினால் போதும் என்று நினைக்கிறோம். அதில் நம் பிள்ளைகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, பெற்றோரின் கைபேசி எண் எல்லாம் இருந்திருக்கும். விரைவு ஃபார்மேட் அதை அழிப்பதில்லை என்று இப்போது தெரியும். சுழலும் தட்டு என்றால் முழுத் தட்டையும் சுழியங்களால் நிரப்பும் முழு ஃபார்மேட்டைக் கொடுத்து, முடிந்த பிறகே கையை விட்டு அனுப்ப வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கும் காலத்தில் இது நம் பொறுப்பும்கூட.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

உற்சாகத்தில் நாளைக்கே ஹைடெக் லேபைத் திறந்து உட்கார்ந்துவிடாதீர்கள். பராமரிப்பு ஒப்பந்தமோ உத்தரவாதமோ உள்ள கணினிகளை நாம் திறக்கக் கூடாது. புகாரைப் பதிவு செய்து உரியவரை வரவழைக்க வேண்டும். அப்போதும் ‘ஃபார்மேட் போடும் முன் நகல் எடுத்தீர்களா?’ என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஒப்பந்தம் முடிந்த பழைய கணினிகளைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு, என்ன செய்தோம் என்று பதிவேட்டில் எழுதி வைத்துச் செய்யலாம்.

அந்தப் பழைய கணினிகள் பற்றி ஒரு சொல். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப் பல பழைய கணினிகளில் இல்லை. அதற்காக அவற்றைக் கிடங்கில் போட வேண்டாம். சுழலும் தட்டுக்குப் பதில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி, 4 ஜிபி ரேம், ஒரு லினக்ஸ். மாணவர்கள் தட்டச்சு பழகவும் படம் வரையவும் ஸ்கிராட்ச் கற்கவும் அது தாராளம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கைட் அமைப்பு உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தை உருவாக்கித் தருகிறது. அங்கே ஆசிரியர்களே அதை நிறுவிப் பயன்படுத்துகிறார்கள். நம்மாலும் முடியும்.

அந்தக் குரல்கள்

தொடங்கிய கதையை முடிக்கிறேன். நான் தவறான பார்ட்டிஷனை அழித்தது எனக்கு அப்போது தெரியவில்லை. அதன் மேலேயே விண்டோஸை நிறுவி முடித்தேன். அதாவது உழுதும்விட்டேன். கணினி திறந்த பிறகு டி டிரைவில் பழைய விண்டோஸ் கோப்புறை இருப்பதைப் பார்த்தபோதுதான் கை நடுங்கியது.

இரண்டு இரவு ஃபோட்டோரெக் ஓடியது. பாதிக்கும் குறைவான ஒலிக்கோப்புகள் வந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும் மட்டுமே. ஆசிரியையிடம் போய்த் தலைகுனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. மூன்று சனிக்கிழமை பள்ளிக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு குரலாகக் கேட்டு, ‘இது செல்வி மகன்’, ‘இவ ர சொல்ல மாட்டா’ என்று சொல்லச் சொல்ல நான் பெயரை எழுதினேன். சிலவற்றைப் பல முறை கேட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. ‘குரல் இருக்கு சார், பேருதான் போச்சு’ என்றார். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வன்தட்டு கடையில் கிடைக்கும். விண்டோஸ் இணையத்தில் கிடைக்கும். அந்தக் குழந்தை ஒன்றாம் வகுப்பில் முதன்முதலாக வாசித்த குரல் எங்கேயும் கிடைக்காது.

அதனால் இன்று நீங்கள் எடுத்துப் போக வேண்டியது இவ்வளவுதான். தேதியைப் பாருங்கள், கேபிளைப் பாருங்கள். ஓசையைக் கேளுங்கள், ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். நகலெடுங்கள், நகல் திறக்கிறதா என்று ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள், கழற்றி வையுங்கள். தாளில் படம் வரையுங்கள். பிறகுதான் அழிக்கும் பொத்தான். நகலுக்கான நேரம் தனி. மற்றவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு, வெளியே மேசையில் வைத்திருக்கும் ஐந்து பழைய கணினிகளைக் குழுவாகப் பிரிந்து நீங்களே பாருங்கள். ஐந்தும் ‘ஹார்ட் டிஸ்க் போச்சு’ என்று ஒதுக்கப்பட்டவை. எத்தனையில் உண்மையிலேயே ஹார்ட் டிஸ்க் போயிருக்கிறது என்று மதியம் வந்து எனக்குச் சொல்லுங்கள்.